சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் பேராசிரியரின் சுபாவத்தை எவ்வளவு பொருட்படுத்த வேண்டும்?

வடக்குச்சாளரம் எழுதியது:

என் அக்கா மகளுக்கு அமெரிக்காவில் இரண்டு இடங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று, முப்பதாயிரம் பேருக்கு மேல் படிக்கும் மாநிலப் பல்கலைக்கழகம். மற்றொன்று, இரண்டாயிரம் பேர்கூட இல்லாத லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி, அதாவது கலை, அறிவியல் பாடங்களைப் பரவலாகக் கற்பிக்கும் இளநிலைக் கல்லூரி. சென்ற வாரம் அந்தச் சிறிய கல்லூரிக்குப் போய் ஒரு நாள் முழுவதும் தங்கி, மூன்று வகுப்புகளில் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுவிட்டு வந்தாள். வந்தவள் விடுதியைப் பற்றியோ பாடத்திட்டத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. பேராசிரியர்களைப் பற்றித்தான் இரவு வெகுநேரம் பேசினாள்.

தத்துவ வகுப்பை எடுத்தவர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, யாராவது வாய் திறக்கும் வரை காத்திருந்தாராம். அறையில் இருந்த பன்னிரண்டு பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் எந்த அவசரமும் இல்லாமல் சன்னலோரம் நின்றிருக்கிறார். வரலாற்றுப் பேராசிரியர் வாசலிலேயே நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, முந்தைய நாள் ஆட்டம் என்னவாயிற்று, காய்ச்சல் குறைந்ததா என்று விசாரித்து உள்ளே அனுப்பினார். இயற்பியல் பேராசிரியை கரும்பலகையில் ஒரு குறியைத் தவறாக எழுதிவிட, முதல் வரிசை மாணவர் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து, தான் எழுதியதை முழுவதும் ஒருமுறை படித்துப் பார்த்து, சுண்ணக்கட்டியை அந்த மாணவரிடம் நீட்டி, "இங்கிருந்து நீங்கள் கொண்டு போங்கள்" என்று சொன்னாராம்.

"சித்தி, இவர்களுடைய சுபாவத்தை வைத்து நான் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தால் தவறா?" என்று கேட்டாள். தவறில்லை என்றேன். அத்தான் அதைச் சிறுபிள்ளைத்தனம் என்கிறார். நானும் ஒஹையோ மாநிலத்தில் இப்படியொரு சிறிய கல்லூரியில் படித்தவள்தான். இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது, அங்கே எனக்குக் கிடைத்த கல்வியை அதைக் கொடுத்த மனிதர்களிடமிருந்து பிரித்துப் பார்க்க முடியவில்லை. இங்கே அத்தகைய கல்லூரிகளில் படித்தவர்களும் கற்பித்தவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

எண்கோட்டை எழுதியது:

உங்கள் அத்தான் பக்கம்தான் நான். நான் படித்தது பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தில். எங்கள் இயற்பியல் துறையில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட பேராசிரியர்கள் இருந்தார்கள். ஒருவருடைய போக்கு பிடிக்கவில்லை என்றால் அடுத்த பருவத்தில் வேறொருவரிடம் பதிவு செய்துகொள்ளலாம். அந்த வசதியே பெரிய இடத்தின் பலம்.

மேலும், ஒரு நாள் பார்த்ததை நம்பி நான்கு ஆண்டுகளை முடிவு செய்வது சரியல்ல. அமெரிக்கக் கல்லூரிகளில் ஆறு ஆண்டுகள் கற்பித்த பேராசிரியர் ஏழாவது ஆண்டில் ஆய்வு விடுப்பில் போவது நெடுநாள் வழக்கம். சில கல்லூரிகளில் அந்த விடுப்பு இன்னும் சீக்கிரமாகவே வருகிறது. அவருடைய இடத்தில் ஓராண்டுக்கு மட்டும் வருகைதரு பேராசிரியர் ஒருவர் வருவார். உங்கள் அக்கா மகளுக்குப் பிடித்த அந்த மூவரில் ஒருவராவது அவள் படிக்கும் காலத்தில் ஊரில் இல்லாமல் போவார். ஆய்வக வசதி, பாடங்களின் வரிசை, நூலகம் ஆகியவை அப்படி விடுப்பில் போவதில்லை.

வடக்குச்சாளரம் எழுதியது:

விடுப்பைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் உங்கள் முதல் வாதமே என் பக்கத்துக்கு வலு சேர்க்கிறது என்று நினைக்கிறேன். அறுபது பேர் இருக்கும் துறையில் ஒருவருடைய குணம் பொருட்டல்ல. ஐந்தே பேர் இருக்கும் துறையில் கணக்கு வேறு. முதன்மைப் பாடத்துக்காகப் பத்துப் பன்னிரண்டு பாடங்கள் எடுக்க வேண்டும். ஐந்து பேர் அவற்றைப் பகிர்ந்துகொண்டால், ஒரே ஆசிரியரிடம் குறைந்தது இரண்டு முறை, சில வேளைகளில் நான்கு முறை உட்கார வேண்டியிருக்கும். அந்த ஐவரில் ஒருவர்தான் உங்கள் ஆலோசகர். அவர்களில் ஒருவர்தான் இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு வழிகாட்டி. பிற்பாடு பரிந்துரைக் கடிதம் எழுதப்போவதும் அவர்களே. முதலாண்டில் நீங்கள் எழுதிய மோசமான கட்டுரை நான்காம் ஆண்டிலும் அவருக்கு நினைவில் இருக்கும். அதை அவர் எப்படி நினைவில் வைத்திருக்கிறார் என்பதுதான் சுபாவம்.

இதற்கு எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும் எடுத்துக்காட்டு ஐயோவா மாநிலத்தின் கிரின்னல் கல்லூரியைச் சேர்ந்தது. அங்கே கிராண்ட் கேல் என்ற இயற்பியல் பேராசிரியர் இருந்தார். ராபர்ட் நாய்ஸ் அவருடைய மாணவர். 1948இல் விடுதி விருந்து ஒன்றுக்காக நாய்ஸும் நண்பர் ஒருவரும் பக்கத்துப் பண்ணையிலிருந்து ஒரு பன்றியைத் திருடினார்கள். மறுநாள் மனம் உறுத்தி, ஒப்புக்கொண்டு பணம் தருவதாகச் சொன்னார்கள். ஐயோவாவில் கால்நடைத் திருட்டு கடுங்குற்றம் என்பதால் விஷயம் பெரிதாயிற்று. கேலும் கல்லூரித் தலைவரும் குறுக்கே நின்று பேசியதால் நாய்ஸை நிரந்தரமாக வெளியேற்றாமல் ஒரு பருவம் மட்டும் நீக்கிவைத்தார்கள்.

அவர் திரும்பி வந்த காலத்தில்தான் கேல், மின்சைகையைப் பெருக்கும் சிறு கருவியான டிரான்சிஸ்டரைப் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தார். பெல் ஆய்வகத்தில் அந்தக் கருவி பிறந்தது 1947 டிசம்பரில். அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜான் பார்டீனைக் கேலுக்கு முன்பே பழக்கம் உண்டு. அதைப் பற்றிப் பாடநூல் எதுவும் இல்லாத நாளில், ஆசிரியரும் மாணவருமாகச் சேர்ந்து அதைப் புரிந்துகொள்ள முயன்றார்கள். நாய்ஸ் 1949இல் பட்டம் பெற்றார். 1959இல் சிலிக்கானில் ஒருங்கிணைந்த மின்சுற்றை, இன்று சிப் என்கிறோமே அதை, உருவாக்கினார். 1968இல் கார்டன் மூருடன் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தக் கல்லூரியின் ஆய்வக வசதி பெரிய பல்கலைக்கழகங்களுக்கு ஈடாக இருந்திருக்க வழியில்லை. அங்கே இருந்தது, தவறு செய்த மாணவனைக் கைவிடாத, தனக்கே புதிதான ஒன்றை வகுப்பின் முன்னால் வைக்கத் தயங்காத ஒரு மனிதர்.

பனிக்காலப்பறவை எழுதியது:

நான் படித்த கல்லூரியில் டியுட்டோரியல் என்ற வகுப்புமுறை இருந்தது. மாசசூசெட்ஸின் வில்லியம்ஸ் கல்லூரி இதற்குப் பெயர் பெற்றது. வேறு சில கல்லூரிகளிலும் உண்டு. இரண்டு மாணவர்கள், ஒரு பேராசிரியர். அவ்வளவுதான் வகுப்பு. ஒரு வாரம் நான் கட்டுரை எழுதிப் படிப்பேன், என் இணை அதை விமர்சிப்பார். மறு வாரம் அப்படியே மாறும். பேராசிரியர் பேசுவது மிகக் குறைவு. பேசிப் பழகிய ஒருவர் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

என் ஆசிரியர் கையில் ஒரு பென்சில் இருக்கும். நான் படிக்கப் படிக்க, கட்டுரையின் ஓரத்தில் சிறிய கோடுகள் போட்டுக்கொண்டே வருவார். ஆறாவது வாரம் ஒரு பத்தியைப் படித்தபோது பென்சில் நின்றுவிட்டது. நான் நிமிர்ந்து பார்த்தேன். "இந்த வாக்கியத்தை நீங்கள் நம்புகிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். நான் நம்பவில்லை. நன்றாக ஒலிக்கிறது என்பதற்காக எழுதியிருந்தேன். அதை ஒப்புக்கொண்டபோது அவர் முகத்தில் வெற்றிக்களிப்போ ஏமாற்றமோ எதுவும் இல்லை. "அப்படியானால் நம்புவதை எழுதிப் பார்ப்போம்" என்றார். மீதி நேரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் மேலேயே மூவரும் உட்கார்ந்திருந்தோம். இன்று அலுவலகத்தில் ஓர் அறிக்கையை எழுதும்போதும் அந்தப் பென்சில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

அவர் அன்பாகப் பழகக்கூடியவரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எங்களைப் பெயர் சொல்லி அழைத்ததுகூட அரிது. ஆனால் அவருக்கு எங்கள் வாக்கியங்கள் தெரியும்.

மூன்றாம்வரிசை எழுதியது:

இந்த இழையை இரண்டு நாள்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று தயங்கினேன். நல்ல நினைவுகள் மட்டுமே இங்கே பதிவாகின்றன என்பதால் எழுதுகிறேன். கல்லூரியின் பெயரையோ ஆளின் அடையாளத்தையோ சொல்லப்போவதில்லை.

எங்கள் துறையில் மூன்றே பேர். அவர்களில் ஒருவர் வளாகம் முழுவதும் புகழ் பெற்றவர். அவர் வகுப்பு முடிந்த பிறகும் மாணவர்கள் எழுந்து போக மாட்டார்கள். பருவத்துக்கு இரண்டு முறை தம் வீட்டுக்கு எங்களை விருந்துக்கு அழைப்பார். என் அம்மாவின் உடல்நிலையை என்னிடம் விசாரித்த ஒரே ஆசிரியர் அவர்தான். முதலாண்டு முடியும்போது, இந்த மனிதருக்காக எதையும் படிக்கலாம் என்ற நிலையில் இருந்தேன். அப்படித்தான் அந்தத் துறையை முதன்மைப் பாடமாக எடுத்தேன்.

மூன்றாம் ஆண்டில் அவருடைய கருத்து ஒன்றை மறுத்து ஒரு கட்டுரை எழுதினேன். மறுப்பு அவ்வளவு சிறப்பானது என்று இன்றும் சொல்ல மாட்டேன். அதில் ஓட்டைகள் இருந்தன. அவர் அவற்றைக் காட்டியிருந்தால் கற்றுக்கொண்டிருப்பேன். கட்டுரை திரும்பி வந்தபோது ஓரத்தில் ஒரு குறிப்பும் இல்லை. கடைசிப் பக்கத்தில் கிரேடு மட்டும் இருந்தது. அதன்பின் நடந்தவை ஒவ்வொன்றும் அற்பமானவை, புகார் என்று எடுத்துக்கொண்டு போக முடியாதவை. வகுப்பில் நான் கை தூக்கினால் அவர் பார்வை என்னைத் தாண்டிப் போகும். விருந்துக்கு அழைப்பு வரவில்லை. அலுவலக நேரத்தில் கதவு திறந்திருக்கும், ஆனால் நான் போகும்போது அவர் எழுந்து நின்றே பேசுவார். உட்காரச் சொல்ல மாட்டார்.

ஆய்வேட்டுக்கு வேறு வழிகாட்டி வேண்டும் என்று கேட்டேன். மற்ற இருவரில் ஒருவர் விடுப்பில் இருந்தார். இன்னொருவர் பணி நிரந்தரம் ஆகாதவர், அவருடைய நிரந்தரத்துக்கு வாக்களிக்கப்போவது இந்த மனிதர். அந்த இளம் ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு இந்த ஆண்டு இடமில்லை" என்றார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. கடைசிப் பருவங்களில் துறை மாறினேன். கூடுதலாக ஒரு பருவம் படித்து, கூடுதல் கடனோடு வெளியே வந்தேன்.

பெரிய பல்கலைக்கழகத்தில் இதே மனிதர் இருந்திருந்தால், நான்கைந்து கதவு தள்ளி இன்னொருவரிடம் போயிருப்பேன், ஓராண்டில் மறந்திருப்பேன். உங்கள் அக்கா மகளிடம் இதைச் சொல்லுங்கள். சுபாவம் முக்கியம்தான். ஆனால் ஒரு நாள் வருகையில் கண்ணுக்குத் தெரிவது சுபாவத்தின் வெளிமுகம் மட்டுமே. வாசலில் நின்று காய்ச்சலை விசாரிப்பவர், அவரை நீங்கள் மறுக்கும்போது என்ன செய்வார் என்பது அந்த வாசலில் தெரியாது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

மூன்றாம்வரிசை அவர்களே, நீங்கள் எழுதியதைப் படித்து வெகுநேரம் அப்படியே இருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இத்தகைய ஒரு கல்லூரியில் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் விவரித்ததைப் போன்ற மனிதர் ஒருவர் எங்கள் கட்டடத்திலும் இருந்தார். எங்களுக்கும் தெரியும். நாங்கள் போதுமான அளவு பேசவில்லை.

தலை குனிந்த அந்த இளம் ஆசிரியரைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கமும் கல்லூரிகளின் சங்கமும் சேர்ந்து 1940இல் வகுத்த கோட்பாட்டின்படி, தகுதிகாண் காலம் ஏழு ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் நிரந்தரம் ஆக வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும். ஆசிரியரின் சிந்தனைச் சுதந்திரத்தைக் காக்க வந்த ஏற்பாடு இது. காப்பு கிடைக்கும் வரையில் அந்த ஆண்டுகள் மனிதனை என்ன செய்கின்றன என்பதை மாணவர்கள் பார்ப்பதில்லை. மூவர் இருக்கும் துறையில் இருவர் உங்களுக்கு நீதிபதிகள். மதிய உணவையும் அவர்களோடுதான் சாப்பிட வேண்டும். நான் சேர்ந்த முதல் ஐந்து ஆண்டுகளில் என்னைப் பார்த்த மாணவர்கள், மிகவும் ஒதுங்கிய, எதற்கும் பிடிகொடுக்காத மனிதன் என்று நினைத்திருப்பார்கள். என் மனைவிக்குத் தெரிந்த மனிதன் அவனல்லன்.

இன்னொன்று, மாணவர்கள் எழுதும் மதிப்பீட்டுப் படிவங்கள். சிறிய கல்லூரியில் கற்பித்தலே முதல் அளவுகோல் என்பதால் அவற்றுக்குப் பெரும் எடை உண்டு. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று என்னை மிகவும் யோசிக்க வைத்தது. இணையவழிப் பாடத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கற்பித்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு பிரிவில் தம் அடையாளத்திலும் மற்றொரு பிரிவில் மற்றவரின் அடையாளத்திலும் தோன்றினார்கள். கட்டுரைகளைத் திருத்தி ஒரே நேரத்தில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் பெண் என்று நம்பப்பட்டவருக்கு, விரைவாகத் திருத்தித் தருகிறாரா என்ற கேள்விக்கும் குறைந்த மதிப்பெண்ணே கிடைத்தது. நாற்பத்து மூன்று மாணவர்கள் மட்டுமே பங்கேற்ற ஆய்வுதான். இருந்தாலும் என் சக ஆசிரியைகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்ததோடு அது ஒத்துப்போயிற்று. ஆண் ஆசிரியரின் கண்டிப்பைப் புலமை என்றும், ஆசிரியையின் கண்டிப்பைக் கடுகடுப்பு என்றும் எழுதும் படிவங்களைப் பணிநிரந்தரக் குழுவில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறேன். ஆகவே, அக்கா மகள் ஒரு பேராசிரியையைப் பற்றி "கொஞ்சம் கடுமையானவர்" என்று சொன்னால், அதே நடத்தையை ஓர் ஆணிடம் கண்டால் என்ன சொல்லியிருப்பாள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

முதல் நாள் பார்வை எவ்வளவு தவறாகப் போகும் என்பதற்குக் கணித மேதை எம்மி நோய்த்தரைச் சொல்வேன். கணிதத்தில் அவருக்கு இருந்த இடத்தைப் பற்றி இங்கே விளக்கத் தேவையில்லை. நாஜி அரசு 1933இல் அவரை ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கியபோது, பென்சில்வேனியாவிலுள்ள பிரின் மார் என்ற சிறிய மகளிர் கல்லூரி இடம் கொடுத்தது. 1935 ஏப்ரலில் இறக்கும் வரை அங்கே இருந்தார். மேடையில் அவர் தெளிவாகப் பேசக்கூடியவர் அல்லர். எண்ணம் முந்திக்கொண்டு ஓட, சொற்கள் பின்னால் தடுமாறி வரும். பின்வரிசையில் ஒரு நாள் உட்கார்ந்து கேட்டவர் இவரிடம் என்ன கற்பது என்று எழுந்து போயிருப்பார். விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவியர்தான் அங்கே அவரைச் சுற்றி இருந்தார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு நெடுநேரம் நடப்பார். நடந்தபடியே கணிதம் பேசுவார். பேச்சில் மூழ்கிச் சாலையில் வரும் வண்டிகளைக்கூடக் கவனிக்க மாட்டாராம், மாணவியர்தாம் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த நடைதான் அவருடைய வகுப்பறை. வருகையாளர் யாருக்கும் அது தெரிந்திருக்காது.

எண்கோட்டை எழுதியது:

நான் எதிர்பார்த்ததைவிட ஆழமாகப் போகிறது விவாதம். என் கருத்தைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன். ஐந்து பேர் உள்ள துறையில் குணம் பொருட்டு என்பதை ஏற்கிறேன். ஆனால் மூன்றாம்வரிசை எழுதியதைப் படித்த பிறகு, அது அந்தக் கல்லூரிகளின் பலமாக எனக்குத் தெரியவில்லை. ஆபத்தாகத்தான் தெரிகிறது. ஒரு மாணவரின் எதிர்காலம் ஒரே மனிதரின் மனநிலையைப் பொறுத்திருக்குமானால், அந்த இடத்தைத் தவிர்ப்பதே விவேகம் அல்லவா?

விளிம்புக்குறிப்பு எழுதியது:

அந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து, அதற்குத் தடுப்பு அமைத்த கல்லூரிகள் இருக்கின்றன. இந்த இழையில் இதுவரை யாரும் அதைத் தொடாததால் எழுதுகிறேன்.

பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் ஃபிராங்க் ஐடலோட் தலைவராக இருந்தபோது, 1922இல், ஆனர்ஸ் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். சிறு செமினார்களில் படித்த மாணவர்களைப் படிப்பின் முடிவில் சோதித்து மதிப்பிடுவது அவர்களுடைய ஆசிரியர் அல்லர். வெளிக் கல்லூரிகளிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் வரும் அறிஞர்கள் எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் நடத்தி, எந்த நிலைத் தேர்ச்சி என்று முடிவு செய்கிறார்கள். இன்றும் அந்த முறை நடக்கிறது. தேர்வுக்குத் தலைமை தாங்குவது வேறொருவர் என்றால், ஆசிரியரின் உட்காரும் இடமே மாறிவிடுகிறது. அவரும் மாணவரும் மேசையின் ஒரே பக்கத்தில் இருக்கிறார்கள். மாணவர் தம்மை மறுத்தால், "இந்த மறுப்பை மே மாதம் வருகிறவர் முன்னால் நிறுத்த முடியுமா, பார்ப்போம்" என்று அதைச் செதுக்கித் தருவதே ஆசிரியருக்கும் நல்லது.

ஓரிகன் மாநிலத்தின் ரீட் கல்லூரியில் எல்லா மாணவரும் இறுதியாண்டில் ஆய்வேடு எழுத வேண்டும். அதைப் பற்றிய வாய்மொழித் தேர்வில் துறைக்கு வெளியிலிருந்தும் ஒரு பேராசிரியர் உட்காருகிறார். அங்கே கட்டுரைகள் கிரேடு போடப்பட்டுத் திரும்பி வருவதில்லை, கருத்துரைகளோடுதான் வருகின்றன. கிரேடு பதிவாகிறது, மாணவர் கேட்டால் சொல்வார்கள். வெறும் கிரேடு மட்டும் போட்ட ஒரு கட்டுரையை மாணவர் கையில் கொடுத்துவிட்டு ஒருவர் அங்கே ஒதுங்கிக்கொள்ள முடியாது.

ஆன்னபொலிஸிலும் சாண்டா ஃபேயிலும் உள்ள செயின்ட் ஜான்ஸ் கல்லூரி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1937 முதல் அங்கே துறைகள் என்ற ஏற்பாடே இல்லை. பேராசிரியர் என்ற பட்டத்தையும் பயன்படுத்துவதில்லை, எல்லோரும் டியூட்டர்கள். கணிதம் படித்தவர் கிரேக்கம் கற்பிக்க வேண்டும், இலக்கியம் படித்தவர் ஆய்வகத்தில் நிற்க வேண்டும். தமக்கு வராத பாடத்தில் மாணவரோடு சேர்ந்து தடுமாறுவது அங்கே வேலையின் ஒரு பகுதி. அங்கே டான் ராக் என்று ஒரு வழக்கமும் உண்டு. மாணவர் எதிரே உட்கார்ந்திருக்க, அந்தப் பருவத்தில் அவருக்குக் கற்பித்த டியூட்டர்கள் அனைவரும் அவரைப் படர்க்கையில் வைத்துத் தங்களுக்குள் பேசுவார்கள். "அவர் கேட்கிறார், ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்வதில்லை" என்பது போல. பிறகு மாணவர் பேசுவார். என் தோழி ஒருத்தி அந்த அறையில் கைகள் சில்லிட உட்கார்ந்திருந்ததைச் சொல்லியிருக்கிறாள். ஒரு டியூட்டர் அவளைப் பற்றிக் கடுமையாகச் சொன்னதும், பக்கத்தில் இருந்தவர், "என் வகுப்பில் நான் பார்ப்பது அதுவல்ல" என்று மறுத்தாராம். ஒருவருடைய கணிப்பை இன்னொருவர் அவள் காதுபடவே திருத்தினார்.

எனவே அத்தான் கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் கல்லூரியில் ஒரு பேராசிரியரின் சுபாவத்துக்கு எதிரே வேறு யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே.

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

மிகச் சரியாகப் பிடித்தீர்கள். வில்லியம்ஸ் கல்லூரியில் 1836 முதல் 1872 வரை மார்க் ஹாப்கின்ஸ் தலைவராக இருந்தார். அவரிடம் படித்து 1856இல் பட்டம் பெற்ற ஜேம்ஸ் கார்ஃபீல்டு பிற்பாடு நாட்டின் குடியரசுத் தலைவரானார். ஒரு மரக்கட்டையின் ஒரு முனையில் ஹாப்கின்ஸும் மறுமுனையில் ஒரு மாணவரும் உட்கார்ந்தால் அதுவே கல்லூரி என்னும் கருத்தில் கார்ஃபீல்டு பேசியதாக வழங்கி வருகிறது. சிறிய கல்லூரிகளின் பட்டமளிப்பு உரைகளில் இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மனம் நெகிழ்ந்து கேட்டதும் உண்டு. இன்று முதன்முறையாக, அந்தக் கட்டையில் மூன்றாவது ஆளுக்கு இடம் விடவில்லையே என்று தோன்றுகிறது.

மூன்றாம்வரிசை எழுதியது:

விளிம்புக்குறிப்பு அவர்களுக்கு நன்றி. எங்கள் கல்லூரியில் வெளியிலிருந்து ஒரே ஒருவர் என் கட்டுரையைப் படித்திருந்தால் போதும். அவர் அதைக் கிழித்துப் போட்டிருந்தாலும் பரவாயில்லை. படித்திருப்பார்.

ஐயா, "நாங்கள் போதுமான அளவு பேசவில்லை" என்று நீங்கள் எழுதிய வரியை எடுத்து வைத்துக்கொண்டேன். பதினோரு ஆண்டுகளில் அந்தப் பக்கத்திலிருந்து எனக்குக் கேட்ட முதல் வார்த்தை அது.

பனிக்காலப்பறவை எழுதியது:

மூன்றாம்வரிசை, என் டியுட்டோரியல் ஏன் அவ்வளவு பாதுகாப்பாக இருந்தது என்பது உங்கள் இரு பதிவுகளையும் படித்த பிறகுதான் எனக்குப் புரிகிறது. அந்த அறையில் நாங்கள் மூவர். ஆசிரியரின் பென்சில் நின்றபோது என் இணையும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் நியாயமாக நடந்துகொண்டதற்கு ஒரு சாட்சி இருந்தது. அநியாயமாக நடந்திருந்தாலும் இருந்திருக்கும்.

வடக்குச்சாளரம் எழுதியது:

இந்த இழையை அக்கா மகளும் அத்தானும் சேர்ந்து உட்கார்ந்து படித்தார்கள். நான் தொடங்கியபோது எனக்கு இருந்த உறுதி அப்படியே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் கல்லூரியில் எனக்குக் கிடைத்தவர்கள் நல்லவர்களாக அமைந்தார்கள் என்பதை, அந்தக் கல்லூரியின் இயல்பு என்று இத்தனை நாளும் எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம்வரிசைக்கு அமைந்தவர் எனக்கு அமைந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

அவள் மறுபடியும் அந்தக் கல்லூரிக்குப் போனாள். இம்முறை வகுப்பு முடிந்ததும் பேராசிரியர்களிடம் பேசவில்லை. இறுதியாண்டு மாணவர்களைத் தேடிப் போய் மூன்று கேள்விகள் கேட்டாள். உங்கள் ஆய்வேட்டை வழிகாட்டியைத் தவிர யார் படிப்பார்கள்? நீங்கள் கடைசியாக ஆசிரியரை மறுத்துப் பேசியது எப்போது, பிறகு என்ன நடந்தது? இந்தத் துறையிலிருந்து நடுவில் மாறிப்போனவர் யாராவது இருந்தால் அவரிடம் நான் பேசலாமா? மூன்றாவது கேள்விக்கு ஒரு பெண் தயங்காமல் ஒருவருடைய எண்ணைக் கொடுத்திருக்கிறாள். அவரோடும் பேசினாள். அவர் துறை மாறியது மனக்கசப்பால் அல்லவாம். பழைய ஆசிரியரையே தம் ஆய்வேட்டின் இரண்டாவது வாசகராக இன்னும் வைத்திருக்கிறாராம். அத்தானுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்ற வரலாற்றுப் பேராசிரியரைப் பற்றியும் கேட்டிருக்கிறாள். அவரைப் பற்றி மாணவர்கள் ஒருமனதாக நல்லதே சொன்னார்கள். போன மாதம் ஒரு மாணவி அவருடைய புத்தகத்தின் ஓர் அத்தியாயத்தையே வகுப்பில் குறை சொல்ல, அவர் அடுத்த வகுப்புக்கு அந்த அத்தியாயத்தின் பழைய வரைவைக் கொண்டு வந்து, தாம் எங்கே தடம் மாறினார் என்று எல்லோரோடும் சேர்ந்து தேடினாராம்.

கரும்பலகையில் சுண்ணக்கட்டியை நீட்டிய இயற்பியல் பேராசிரியைக்கு அவள் ஒரு மின்னஞ்சல் எழுதினாள். மறுநாளே பதில் வந்தது. எண்கோட்டை சொன்னபடியே ஆயிற்று: அடுத்த ஆண்டு முழுவதும் தாம் ஆய்வு விடுப்பில் இருக்கப்போவதாக முதல் வரியிலேயே எழுதியிருந்தார். "உங்களுடைய முதலாண்டுக்கு நான் இருக்க மாட்டேன் என்பதால், நீங்கள் இங்கே வருவதானால் என் சக ஆசிரியை ஒருவரின் வகுப்பைக் கட்டாயம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பல விஷயங்களில் நானும் அவரும் உடன்படுவதில்லை. அது உங்களுக்கு நல்லது" என்று இருந்தது. வியாழக்கிழமை காலை வகுப்பு. அத்தானும் கூடப் போகிறார்.